புதுச்சேரிக்குப் போன தலையணை

பத்து வயதுவரை நான் சொன்ன பொய்கள் எல்லாம் சொன்ன கையோடு பிடிபட்டவை. உன் மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு என்பாள் அம்மா. முதல்முதலாகப் பிடிபடாமல் தப்பித்த பொய், சித்தியின் பூவுக்காக நான் சொன்னது. அதுவும் யாரிடம்? மூட்டைக்குள் குத்தூசியை விட்டு நாலு நெல்மணியை எடுத்துப் பல்லில் வைத்தே அதன் ஈரத்தைச் சொல்லிவிடும் மதுராந்தகத்து மாமாவிடம். வெகுகாலம் எனக்கு அதில் பெரிய கர்வம் இருந்தது.

அப்போது நாங்கள் கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு அணு ஆராய்ச்சி வளாகத்தில் ஷிஃப்ட் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்க எங்கள் முறை இன்னும் வந்திருக்கவில்லை. அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடு இருந்தாள். சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அவளுக்கு வேலை. விடிந்தும் விடியாமலும் பஸ் பிடித்துப் போய், பொழுது சாய்ந்தபின் திரும்பி வருவாள். வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் நேரே மொட்டை மாடிக்குத்தான் ஓடுவாள். அங்கேதான் அவள் கொடி இருந்தது.

அது ஹாப்ஸ் கொடி. பீருக்குக் கசப்பும் வாசனையும் கொடுக்கிற பூ அதில்தான் பூக்கும். ஆபீஸ் சிநேகிதிகளோடு இமாசலத்துக்குப் போனவள், அங்கே ஒரு தோட்டக்காரரிடம் கெஞ்சி நான்கு வேர்த்துண்டுகளை வாங்கி, ஈரத்துண்டில் சுற்றி, ஸ்வெட்டருக்குள் வைத்து ரயிலில் கொண்டு வந்துவிட்டாள். அங்கிருந்து ஆப்பிள் வரும் என்று காத்திருந்த எனக்கு அந்த வேர்களைப் பார்த்து அழுகையே வந்துவிட்டது.

குளிர்நாட்டுக் கொடிக்கு எங்கள் கடற்கரை எப்படி ஒத்துக்கொள்ளும்? அதற்குக் குளிர்காலம் வேண்டும் என்று சித்தி மார்கழியில் வேர்களைத் தோண்டி, ஈர மணலோடு பையில் கட்டி, ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டில் வைத்தாள். அதைச் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். அம்மா அதை மாகாளிக் கிழங்கு என்று நினைத்து, ஒன்றை எடுத்துத் தோல் சீவி, நறுக்கி, மோரில் ஊறப்போட்டுவிட்டாள். மூன்று நாள் கழித்து அந்த ஊறுகாயைத் தொட்டு மோர்சாதம் சாப்பிட்ட அப்பா, இந்த வருஷம் கிழங்கு சரியில்லை என்று மட்டும் சொன்னார். மிச்சம் இருந்தது மூன்று வேர்.

போதாததற்கு அந்தக் கொடிக்கு நீண்ட பகலும் வேண்டுமாம். பொழுது போனபின் இரண்டு மணி நேரம் தொட்டிகளுக்கு மேலே ஒரு குண்டு பல்பு எரியும். கீழ் வீட்டு ஓனர் மாடிப்படியில் நின்று தலையை நீட்டி, "இன்னாம்மா, செடிக்கு டியூஷன் வெச்சிக்கீறியா?" என்று கேட்டார். தண்ணீர் டேங்கின் இரும்பு ஏணியிலிருந்து தொட்டிவரைக்கும் கயிறு கட்டியிருந்தாள். முதல் வருஷம் இலை மட்டும் வந்தது. இரண்டாம் வருஷம் இலை நிறைய வந்தது. மூன்றாம் வருஷம் ஆவணியில் கயிறு நெடுகப் பச்சைப் பச்சையாக, செதில் செதிலாக, என் கட்டைவிரல் அளவில் பூ தொங்கியது.

இதெல்லாம் எதற்கு என்றால், சித்தியோடு காலேஜில் படித்த சிநேகிதி ஒருத்தி புதுச்சேரியில் இருந்தாள். அங்கே ஒரு ஹோட்டலில் பீரை அங்கேயே காய்ச்சி அங்கேயே பரிமாறுவார்கள். காய்ச்சும் பொறுப்பு அவளுடையது. லீவு கிடைத்தால் சித்தி ஈசிஆர் பஸ் ஏறிப் போய் அவள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வருவாள். அன்றைக்கு மட்டும் அவள் முகம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிற முகமாக இருக்காது. நம் கடற்கரையில் விளைந்த ஹாப்ஸைக் கொண்டு வந்தால் அதை வைத்தே ஒரு அண்டா காய்ச்சலாம், அது நன்றாக வந்தால் முதலாளியிடம் சொல்லி உன்னையும் இங்கேயே சேர்த்துக்கொள்கிறேன் என்று சிநேகிதி வாக்குக் கொடுத்திருந்தாள்.

அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "பூ வளத்துக்கோ. பானைய மட்டும் என் வூட்ல ஏத்தாத. அப்பறம் அண்ணன் காதுக்குப் போவாம பாத்துக்கோ."

அண்ணன் என்றால் மாமா. தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் அம்மாவையும் சித்தியையும் படிக்கவைத்து ஆளாக்கியவர் அவர். மதுராந்தகத்தில் நெல் வியாபாரம். வாலிபத்தில் ஒரு லாரியை வைத்துக்கொண்டு வாரம் ஒரு லோடு புதுச்சேரிக்கு நெல் அடித்துத்தான் தொழிலையே நிமிர்த்தினார் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். நான் பார்த்த மாமா கழுத்தில் துளசிமணியும் நெற்றி நிறையத் திருநீறும் உள்ளவர். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த சாராயக் கடையைத் தூக்கவைக்க மூன்று நாள் ரோட்டில் உட்கார்ந்தவர். அம்மாவைப் பெண் பார்க்க வந்தபோது அப்பாவிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி, குடிப்பீங்களா என்று. இல்லை என்றதும் போதாமல், திருப்போரூருக்குக் கூட்டிப்போய் முருகன் சன்னிதியில் கற்பூரத்தின் மேல் கைவைத்துச் சொல்லச் சொன்னாராம். அந்த நாளை நினைத்தால் அப்பாவுக்கு இன்றைக்கும் வியர்க்கும்.

அறுவடை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். சித்தி அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பூவை லேசாக நசுக்கிப் பார்க்கவேண்டும். அமுங்கியபடியே இருந்தால் காய், காகிதம் மாதிரி சரசரத்து மறுபடி விரிந்தால் பழுத்தது. கொடித்தண்டு முழுக்கச் சொரசொரப்பு, என் முழங்கையெல்லாம் கீறிவிட்டது. செதிலைப் பிரித்தால் அடியில் மஞ்சளாக ஒரு பொடி. அந்தப் பொடியில்தான் எல்லாம் இருக்கிறது என்று சித்தி அதைக் கண்மருந்து போல விரல் நுனியில் எடுத்துக் காட்டினாள். நான் நக்கிப் பார்த்தேன். வேப்பங்கொழுந்தெல்லாம் அதற்கு முன்னால் சர்க்கரைப் பொங்கல். ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் குடித்தும் போகாமல், இரண்டாவது டம்ளர் கேட்டு அழுதேன்.

பறித்துக்கொண்டே சித்தி சொன்னாள். "பாப்பா, இந்தப் பூ நல்லபடியா காஞ்சி பாண்டி போய்ச் சேந்துச்சின்னா நான் என் இஷ்டத்துக்கு இருப்பேன். கெட்டுப்போச்சின்னா, அண்ணன் எந்த மாப்ள சொல்றாரோ அவனுக்குக் கழுத்த நீட்டிடுவேன். முருகன் மேல சத்தியம்."

எனக்குத் திக்கென்றது. சித்தி என் பக்கத்தில்தான் படுப்பாள். என் வீட்டுப்பாடக் கணக்கைப் போட்டுக் கொடுப்பவளும் அவள்தான், அம்மாவிடமிருந்து என்னைக் காப்பாற்றுபவளும் அவள்தான். பூ கெட்டால் சித்தி போய்விடுவாள் என்று எனக்குப் புரிந்தது. அந்த நிமிஷத்திலிருந்து அது என் பூவாகவும் ஆனது.

நான்கு முறம் தேறியது. பின் அறையில் மடக்குக் கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு, நான்கு கால்களிலும் கொசுவலையை இழுத்துக் கட்டி, அதன்மேல் பூவைப் பரப்பி, அடியில் டேபிள் ஃபேனை மெதுவாக ஓடவிட்டாள். வெயிலில் காட்டினால் வாசனை ஓடிவிடுமாம். அம்மாவால் இதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. "மேல வெயிலு அப்படிக் கொளுத்துது, ஒரு பகல் போட்டா வத்தலா எடுத்துடலாம், கரண்டு பில்லு ஏத்திக்கினு கீறா" என்று சுவரிடம் சொல்லிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புதுச்சேரியில் அண்டா ஏறும். அதற்குள் காய்ந்தாகவேண்டும். சனிக்கிழமையன்று பார்த்துச் சித்தியை ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ஃபேன் நிற்காமல் பார்த்துக்கொள், மணிக்கு ஒருதரம் புரட்டிவிடு, அந்த அறைக்குள் யாரையும் விடாதே என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். அப்பா காலை ஷிஃப்டுக்குப் போயாகிவிட்டது.

காலை ஒன்பதுக்கு மாமா வந்தார். முன்னறிவிப்பு கிடையாது. தோளில் ஒரு சிப்பம் அரிசி, கையில் மஞ்சப்பை. மஞ்சப்பைக்குள் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கவர் ஒன்று எட்டிப் பார்த்தது. "நல்ல எடம். பையன் மறைமலைநகர்ல கார் பாகம் பண்ற கம்பெனில இன்ஜினியரு. ஆவணி முடியறதுக்குள்ள ஒரு வார்த்த பேசிடணும்" என்று செருப்பைக் கழற்றும்போதே அம்மாவிடம் சொன்னார். அவர் சொல்லி முடிக்கவும் கரண்டு போனது. சாயங்காலம் ஐந்துவரை பராமரிப்பு வேலை என்று அன்றைய பேப்பரில் போட்டிருந்ததை எங்கள் வீட்டில் யாரும் படிக்கவில்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பின் அறைக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஃபேன் நின்றிருந்தது. ஜன்னல் எல்லாம் மூடியிருந்ததால் அறையே வெந்நீர் அண்டா மாதிரி இருந்தது. பூவைத் தொட்டால் பிசுக்கென்று ஈரம். கையில் கிடைத்த பரீட்சை அட்டையை எடுத்துக் வலைக்கு அடியில் குந்திக்கொண்டு மேலே பார்த்து விசிற ஆரம்பித்தேன். விசிறி விசிறித் தோள் கழன்றது. சித்தி கழுத்தை நீட்டிவிடுவாள், நீட்டிவிடுவாள் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அம்மா கொடுத்த நாஸ்தாவைச் சாப்பிட்டுவிட்டுச் சட்டையை மாட்ட ஆணி தேடிய மாமா, வாசனை பிடித்துக்கொண்டு கதவைத் தள்ளிவிட்டார். வலைக்கு அடியில் என்னைக் குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா பண்ணிக்கினு கீற?"

"விசிறிக்கினு கீறேன் மாமா."

"அது தெரியுது. மேல இன்னாது அது, பூ?"

பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. அந்த மலைநாட்டில் வயதானவர்கள் இந்தப் பூவைத் தலையணையில் வைத்துத் தைத்துக்கொள்வார்கள், நல்ல தூக்கம் வரும் என்று சித்தி எப்போதோ சொல்லியிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டேன்.

"தூக்கத்துக்கு மருந்து மாமா. காயவெச்சித் தலகாணில தைக்கணும்."

"யாருக்குத் தூக்கம் வரல?"

"சித்திக்கு."

மாமாவின் முகம் மாறிவிட்டது. தங்கைக்குத் தூக்கம் இல்லை என்பது அவருக்குப் புதுச் செய்தி. குனிந்து பூவைப் பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்தார். நெல் வியாபாரி கைக்குப் போனது எதுவும் அடுத்ததாக வாய்க்குத்தான் போகும். வேண்டாம் மாமா என்று நான் கத்துவதற்குள் கடித்துவிட்டார்.

நான் தவழ்ந்து வெளியே வந்து, சமையலறைக்கு ஓடி, ஒரு டம்ளரில் சர்க்கரையை அள்ளிப்போட்டுத் தண்ணீர் கலக்கிக்கொண்டு வந்தேன். மாமா நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். துப்பவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மென்றுகொண்டிருந்தார். மீசை மட்டும் ஒரு பக்கமாக லேசாக ஏறியது. நான் நீட்டிய டம்ளரைக் கையால் விலக்கிவிட்டு இன்னொரு பூவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வெற்றிலை போட்டுப் போட்டு மாமாவுக்கு நாக்கு செத்துவிட்டது என்று நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.

"நல்ல மருந்துதான்" என்றார். பிறகு துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். "இன்னாத்துக்கு ஜன்னல மூடி வெச்சிக்கீற? இப்ப மேக்காலருந்து காத்து வருது, காஞ்ச காத்து. தொற."

அதற்குப்பின் அந்த அறை மதுராந்தகத்துக் களமாகிவிட்டது. கட்டிலை மேற்கு ஜன்னலுக்கு நேராக இழுத்துப் போட்டார். நடுவில் குவிந்திருந்த பூவை விளிம்புவரை ஒரே கனமாகப் பரப்பினார். மூட்டை புரட்டுகிற கைகள் அவை. ஆனால் அந்தப் பூவை விரல் நுனியால் அடியிலிருந்து தூக்கித் தூக்கித்தான் திருப்பின. நான் வேகமாகப் புரட்டியபோது கையைப் பிடித்துக்கொண்டார். "மெதுவாம்மா. பொடி உதுந்துடும். பொடிலதான் எல்லாம் கீது." என்ன இருந்தாலும் வியாபாரி, பார்த்த மாத்திரத்தில் சரக்கைப் புரிந்துகொள்கிறார் என்று நான் வியந்தேன்.

மத்தியானம் சித்தி ஆபீஸிலிருந்து போன் செய்தாள். அம்மா போனை எடுத்துச் சமையலறை மூலைக்குப் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "உன் பூவுக்கு ஒண்ணும் ஆவல. அண்ணன்தான் காயவெச்சிக்கினு கீறாரு." அந்தப் பக்கத்திலிருந்து வெகுநேரம் சத்தமே வரவில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அம்மா வைத்துவிட்டாள்.

ஒரு மணிக்குக் கடல்காற்று திரும்பியது. மாமா மூக்கை ஒருதரம் உறிஞ்சிவிட்டு எழுந்து கிழக்கு ஜன்னலை இறுக்கிச் சாத்தி, கதவு இடுக்கில் சாக்கைச் செருகினார். பன்னிரண்டு மணிக்கு ஒரு பூவைப் பிய்த்து நடுத்தண்டை வளைத்துப் பார்த்திருந்தார், வளைந்தது. இரண்டு மணிக்கு வளைத்தபோதும் வளைந்தது. நான் அட்டையை எடுத்து மறுபடி விசிற ஆரம்பித்தேன். மூன்றரைக்கு ஒன்றை எடுத்து என் காதருகே வைத்து வளைத்தார். டக்கென்று ஒடிந்தது. நான் எழுந்து அறையைச் சுற்றி ஆட ஆரம்பித்துவிட்டேன். மாமாவும் சிரித்தார். மாமா பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆட்டம் சீக்கிரமே நின்றது. "தலகாணி ஒற ஒண்ணு குடும்மா, புதுசா, வெள்ளையா" என்று அம்மாவிடம் கேட்டார். மருந்து என்று சொல்லியாகிவிட்டது, தலையணை என்றும் சொல்லியாகிவிட்டது. அம்மா உறையை எடுத்துக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் நான் பொசுங்கினேன். மாமா பிடி பிடியாகப் பூவை உள்ளே போட்டு, ஒவ்வொரு பிடிக்கும் உள்ளங்கையால் அழுத்திக் காற்றை வெளியேற்றினார். நான்கு முறம் பூ சுண்டிப்போய் ஒரு சின்னத் தலையணைக்குத்தான் வந்தது. எப்போதும் இடுப்பில் வைத்திருக்கும் கோணி ஊசியை எடுத்து, சணல் கோர்த்து, மூட்டை தைக்கிற தையலாகவே தைத்து முடிச்சுப் போட்டார். சித்தியின் மூன்று வருஷத்தை மாமா தைத்து மூடியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மருந்து வேல செய்தா இல்லியான்னு பாக்கணுமே" என்றார். கூடத்தில் பாயை விரித்து, அந்தத் தலையணையைப் போட்டு, அதன்மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டார். ஐந்தாவது நிமிஷம் குறட்டை.

ஐந்தரைக்குச் சித்தி படியேறி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் அவள் காதில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மாமாவின் தலையைப் பார்த்தாள், தலைக்குக் கீழே இருந்த வெள்ளை உறையைப் பார்த்தாள். அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்து, துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு முடிந்த இடத்தில் கண்ணில் தண்ணீர் நின்றது. "நாளைக்கு எப்படிடி எடுத்துக்கினு போவேன்?" என்றாள்.

மாமா எழுந்து முகம் கழுவி வந்து காப்பி டம்ளரைக் கையில் வாங்கினார். "இப்படித் தூங்கிப் பத்து வருசமாச்சி. உங்க அண்ணிக்குந்தான் முட்டி வலில தூக்கமே இல்ல. நான் எடுத்துக்கினு போவட்டா இத்த?"

அம்மா அடுப்பைப் பார்த்தாள். சித்தி தரையைப் பார்த்தாள். நான் தலையணையைப் பார்த்தேன். மாமா ஒவ்வொருவர் முகத்தையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே காப்பியை ஆற்றினார்.

"வேணாம். தூக்கம் இல்லாதவகிட்டயே இருக்கட்டும்" என்றார் கடைசியில். "நாளைக்கு ஞாயித்துக்கெழம. இருப்ப இல்ல? ஒரு விசயம் பேசணும்."

"பாண்டிக்குப் போவணும்ண்ணா. சிநேகிதி வூட்ல விசேஷம்."

"இன்னா விசேஷம்?"

சித்திக்கு அதற்குமேல் பொய் வராது. ஒன்றில் ஜெயித்திருந்த தெம்பில் நான் குறுக்கே பாய்ந்தேன். "காதுகுத்து மாமா!"

"அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமே ஆவலன்னு சொன்னீங்க?"

"அவங்க அக்கா பையனுக்கு."

"ஓ" என்றார் மாமா. அதற்குமேல் கேட்கவில்லை. ஒரே நாளில் இரண்டு பொய், இரண்டும் பலித்துவிட்டன. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மறுநாள் காலை எங்கள் திட்டம் இதுதான். சித்தி கைப்பையோடு மட்டும் கிளம்பிக் கீழே போவாள். மாமா பூஜை முடித்து எழுவதற்குள் நான் பால்கனியிலிருந்து தலையணையைப் போடவேண்டும். சித்தி வேப்பமரத்தடியில் வந்து நின்று கையை விரித்தாள். நான் தலையணையைத் தூக்கிக் கம்பிக்கு மேலே கொண்டுபோனேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து அதை வாங்கிக்கொண்டது.

"தலகாணிய மறந்துட்டுப் போறாளே சின்னவ" என்றார் மாமா. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார்.

நான் பின்னாலேயே ஓடினேன். வெள்ளை வேட்டி, நெற்றியில் ஈரத் திருநீறு, கக்கத்தில் சணல் தையல் போட்ட தலையணை. தெரு முழுவதும் திரும்பிப் பார்த்தது. கீழ் வீட்டு ஓனர், "இன்னா அண்ணாத்த, வெளியூர் ராத்தங்கலா?" என்றார். மாமா வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். சித்தி முன்னால் நடந்தாள், பேயைக் கண்டவள் மாதிரி இரண்டடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

ஈசிஆரில் புதுச்சேரி பஸ் கூட்டமாக வந்து நின்றது. ஜனங்கள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற அதே முறையில், மாமா தலையணையை உள்ளே போட்டு மேற்குப் பக்கத்து ஜன்னல் சீட்டைப் பிடித்தார். சித்தி ஏறி உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள். மாமா கம்பியைப் பிடித்து அண்ணாந்து பார்த்து, "மேல எதையும் வெக்காத. வெயிலு படாம வெச்சிக்கோ. போனவொடனே சில்லுனு கீற எடத்துல வெச்சிடு" என்றார்.

"சரிண்ணா."

"காதுகுத்து நல்லபடியா நடக்கட்டும்."

பஸ் கிளம்பிவிட்டது. சித்தி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எங்களையே பார்த்துக்கொண்டு போனாள். மாமா எனக்கு ஒரு சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்தார். மத்தியானம் ஊருக்குக் கிளம்பும்போது, சாமி அலமாரியில் வைத்திருந்த மஞ்சள் கவரை எடுத்துத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஏன் என்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மொதல்ல அவ நல்லா தூங்கட்டும். அப்பறம் பாக்கலாம்" என்றார்.

அண்டா ஏறியது. பீர் நன்றாக வந்ததாம். இரண்டு மாதம் கழித்துச் சித்தி கம்பெனி வேலையை விட்டுவிட்டு, மூன்று தொட்டிகளையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்குக் குடிபோனாள். பூ காய்ந்தால் சித்தி இருப்பாள் என்று கணக்குப் போட்டிருந்த நான் வேனுக்குப் பின்னால் அழுதுகொண்டே ஓடினேன். கெட்டாலும் போயிருப்பாள், காய்ந்தாலும் போவாள் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பரீட்சை அட்டையால் விசிறி விசிறி நானேதான் அவளை அனுப்பிவைத்திருக்கிறேன். அவள் சந்தோஷமாகத்தான் போனாள் என்பதால் அந்த அழுகையும் ஒரு வாரத்துக்குமேல் தாங்கவில்லை.

போன வருஷம் வேலை கிடைத்த சந்தோஷத்தில் நான் சித்தியைப் பார்க்கப் புதுச்சேரி போயிருந்தேன். இப்போது அண்டாவின் பொறுப்பு அவளுடையது. வயசாச்சு இல்ல, குடிச்சிப் பாரு என்று ஒரு சின்ன கிளாஸில் ஊற்றி வைத்தாள். முதல் வாய் வைத்ததும் அந்தக் கசப்பு. அதே கசப்பு. உடம்பு சிலிர்த்து, உதட்டைத் துடைத்து, ஐயோ என்று கிளாஸை நகர்த்தி வைத்தேன். சித்தி சிரித்தாள். "மொத தடவ எல்லாருக்கும் இப்படித்தான். மூஞ்சி அஷ்டகோணலா போவும். பழகினவங்கதான் கண்ண மூடிக்கினு ரசிப்பாங்க."

நான் கிளாஸைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கொசுவலை, மேற்கு ஜன்னல், தலையில் துண்டு. வாரம் ஒரு லோடு புதுச்சேரிக்கு ஓட்டிய மாமா, கண்ணை மூடி, மீசையின் ஒரு பக்கம் ஏற, நிதானமாக மென்றுகொண்டு நிற்கிறார். என் பொய் வலைக்கு அடியிலிருந்து எழுந்து நிற்பதற்கு முன்பே பிடிபட்டுப்போயிருக்கிறது. அவருக்குத் தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. நான்தான் ஒன்றும் தெரியாமல், சர்க்கரைத் தண்ணீரை நீட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றிருக்கிறேன்.